புகைக்குழல் முனையின் மெருகு: துலக்கும் கையும் துலங்கும் உலோகமும்

மோட்டார் காரின் பின்புறத்தில், பம்பருக்குக் கீழே வெளித்தெரியும் புகைக்குழலின் கடைசி அரையடி, எஞ்சினின் இயக்கத்துக்கு ஏறக்குறையத் தேவையற்ற உறுப்பு. அதைக் கழற்றிவிட்டாலும் வண்டி ஓடும், புகையும் வெளியேறும். ஆயினும் டில்லியின் கரோல் பாக், பெங்களூரின் ஜே.சி. சாலை, சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற வாகனத் துணைப்பொருள் அங்காடிகளில் இந்த அரையடிக்கெனத் தனி வணிகமே நடக்கிறது. எவர்சில்வர் முனைகள், குரோமிய முலாம் பூசிய முனைகள், அவற்றைத் துலக்கும் பசைகள், நுண்ணிழை எஃகுப் பஞ்சு, மெருகுச் சக்கரம் எனப் பொருள்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வண்டியிலிருந்து மிக அழுக்கான பொருள் வெளியேறும் வாயில், அவ்வண்டியிலேயே மிகப் பளபளப்பான உறுப்புகளுள் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எவ்வாறு உருவாயிற்று?

கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் உலோகம், அதைத் தேய்க்கும் பொருள், தேய்க்கும் தொழிலாளி, புகையைக் கட்டுப்படுத்த முயன்ற அரசு ஆகிய நான்கின் வரலாறுகளும் இந்தச் சிறு குழலில் வந்து சேர்கின்றன. தனித்தனித் துறைகளில் எழுதப்படும் இந்நான்கையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போதுதான், மெருகு என்பது யாருடைய செலவில் பெறப்பட்டது என்பது தெளிவாகிறது.

அழுக்கின் இயல்பு

முதலில் துலக்குதல் என்ற வினையையே பார்க்கலாம். குழல்முனையில் படிவது ஒரே பொருளன்று. எரியாமல் எஞ்சிய கார்பன் துகள்கள், அவற்றைப் பற்றவைக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, எரிதலில் உண்டாகும் நீராவி குளிர்ந்த ஈரம், சாலைப் புழுதி ஆகிய யாவும் மீண்டும் மீண்டும் சூடாகி இறுகிய கலவை அது. எனவே தண்ணீர் மட்டும் ஊற்றிக் கழுவினால் அது போவதில்லை. குழல் முற்றிலும் ஆறிய பின்பு, காரத்தன்மையுள்ள கரைசல் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கை இளக்க வேண்டும். இளகிய கரியைத் துடைத்தெடுக்க வேண்டும். எஞ்சிய கறையை நுண்ணிய தேய்பொருள் கலந்த பசையால் நீக்க வேண்டும். சமையலறையில் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சாம்பலால் துலக்கிய முறையும் இதே வேதியியல்தான். மரச்சாம்பலிலுள்ள காரம் பிசுக்கை இளக்க, அதன் நுண்துகள்கள் கறையைத் தேய்த்தன. பித்தளைக்கு மட்டும் புளி தேவைப்பட்டதன் காரணம், புளியிலுள்ள கரிம அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைப்பதே.

துலக்குபவர் அறிந்துகொள்ள வேண்டிய அடுத்த செய்தி, கைக்குக் கீழே இருப்பது எந்த உலோகம் என்பது. எவர்சில்வர் முனையில் குரோமியம் உலோகத்தின் உடல் முழுவதும் கலந்திருக்கிறது. மேற்பரப்பைத் தேய்த்தாலும், சில நானோமீட்டர் பருமனுள்ள குரோமிய ஆக்சைடுப் படலம் காற்றுபட்டவுடன் தானே மீண்டும் உருவாகிவிடும். குரோமிய முலாம் பூசிய முனையிலோ நிலைமை வேறு. அலங்கார முலாமில் குரோமியப் படலத்தின் பருமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதன் கீழே நிக்கல், அதற்கும் கீழே சாதாரண எஃகு. அளவுமீறித் தேய்த்தால் முலாம் போய்விடும். பிறகு துரு ஏறும். வெப்பத்தால் எவர்சில்வர் முனையில் தோன்றும் வைக்கோல் நிறம், ஊதா, நீலம் ஆகியவை அழுக்கே அல்ல. ஆக்சைடுப் படலம் தடித்ததால் ஒளி குறுக்கிட்டு எழும் நிறங்கள் அவை. சோப்புப் படலத்தில் வானவில் தெரிவதும் இதே விதியால்தான்.

பித்தளையிலிருந்து எவர்சில்வர் வரை

ஏறத்தாழ 1915 வரையிலான தொடக்ககால மோட்டார் வண்டிகளை வரலாற்றாசிரியர்கள் பித்தளைக் காலத்தவை என்றே வகைப்படுத்துகின்றனர். விளக்குகள், நீர்க்கலத்தின் சட்டகம், ஒலிப்பான் எனப் பார்வைக்குப் படும் உலோகமெல்லாம் அன்று பித்தளை. பித்தளை காற்றில் கருக்கும்; நாள்தோறும் துலக்க வேண்டும். பிரிட்டனில் பிராசோ என்னும் உலோக மெருகு நீர்மம் 1905இல் விற்பனைக்கு வந்தது இச்சூழலில்தான். இந்தியாவில் இராணுவக் குடியிருப்புகள், ஆளுநர் மாளிகைகள், சமஸ்தான அரண்மனைகள், இரயில்வே நிலையங்கள் ஆகியவற்றில் பித்தளையின் பளபளப்பு ஒழுக்கத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. சிப்பாயின் இடைவார்க் கொக்கியும் அரசரின் கார் விளக்கும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன. கருத்திருந்தால் குற்றம் துலக்க வேண்டியவனுடையது.

பித்தளையின் இடத்தை முதலில் நிக்கல் முலாமும், 1920களின் பிற்பகுதியில் குரோமிய முலாமும் பிடித்தன. குரோமியத்தை 1797இல் சைபீரியச் செந்தாதுவிலிருந்து கண்டறிந்தவர் பிரெஞ்சு வேதியியலர் வோக்லேன். அதன் சேர்மங்கள் பல வண்ணங்களில் அமைந்ததால், நிறம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிடப்பட்டது. நூற்றாண்டுக்கும் மேலாக அது பெரும்பாலும் வண்ணப்பொருள், தோல் பதனிடுதல் ஆகியவற்றுக்கே பயன்பட்டது. 1920களின் நடுவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் மின்முலாம் முறையைத் தொழிலுக்கு ஏற்ற வகையில் வளர்த்தெடுத்த பிறகே குரோமியம் கண்ணாடிபோன்ற பரப்பாகக் கார்களில் ஏறியது. நாள்தோறும் துலக்க வேண்டியதில்லை என்பதே அதன் விளம்பரச் சிறப்பு.

புகைக்குழல் இக்காலம் முழுவதும் வண்டியின் அடியில் மறைந்தே இருந்தது. அதை மறைக்க வேண்டிய உறுப்பாகவே வடிவமைப்பாளர்கள் கருதினர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்கக் கார்களில் இம்மனநிலை மாறிற்று. 1952ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் புகை பின்பம்பரின் இரு முனைகள் வழியாகவே வெளியேறுமாறு அமைக்கப்பட்டது. இரட்டைக் குழல் பெரிய எஞ்சினின் அறிவிப்பாயிற்று. ஆற்றலைக் காட்டும் உறுப்பான பின் அது மின்னவும் வேண்டியதாயிற்று.

இந்தியாவில் இந்த அலை தாமதமாகவே வந்தது. 1942இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் மோட்டார்சும் 1944இல் நிறுவப்பட்ட பிரீமியர் ஆட்டோமொபைல்சும் உரிமக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிகச் சில மாதிரிகளையே உருவாக்கின. 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை உருவாக்கப்பட்ட அம்பாசடரில் பம்பரும் முகப்புச் சட்டகமும் குரோமிய முலாமில் மின்னின. புகைக்குழலோ சாதாரண இரும்புக் குழாய். காத்திருப்புப் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் நின்று வாங்கிய வண்டியில் பளபளப்பு ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது. கார் உற்பத்திக்கான உரிமக் கட்டுப்பாடு 1993இல் நீக்கப்பட்டு மாதிரிகள் பெருகிய பிறகே, ஒரே வகை வண்டியை வைத்திருக்கும் பலருள் தம்முடையதை வேறுபடுத்திக் காட்டும் தேவை எழுந்தது. குழல்முனை இந்தியாவில் அலங்காரமானது தாராளமயத்துக்குப் பிந்தைய நிகழ்வு.

அதற்குரிய உலோகமாக எவர்சில்வர் அமைந்தது. 1913இல் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழலின் தேய்மானத்தைக் குறைக்கும் எஃகைத் தேடிய ஹாரி பிரேர்லி, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு துருப்பிடிப்பதில்லை என்று கண்டார். இன்றைய காரில் அடியிலுள்ள குழாய்க்கு 11 விழுக்காட்டளவு குரோமியமுள்ள மலிவான வகையும், வெளித்தெரியும் முனைக்கு 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ள வகையும் பயன்படுகின்றன. பின்னது, இந்தியச் சமையலறைத் தட்டு, டம்ளர்களில் உயர்ந்த வகை என மதிக்கப்படும் அதே உலோகம். பித்தளைக் குடத்தைத் துலக்கும் வேலையிலிருந்து பெண்களை ஓரளவு விடுவித்த எவர்சில்வர், வாகனத்தின் பின்புறத்தில் புதியதொரு துலக்கும் வேலையைத் தோற்றுவித்தது.

குருந்தம்: ஒரு சொல்லின் பயணம்

மெருகுப் பசைகளில் பெரும்பாலானவற்றின் உட்பொருள் அலுமினிய ஆக்சைடுத் தூள். இயற்கையில் படிகமாகக் கிடைக்கையில் இதே பொருள் குருந்தம் எனப்படும். நிறமேறிய தூய படிகங்கள் மாணிக்கமும் நீலமும் ஆகும்; ஒளிபுகாத மட்டமான கற்கள் தேய்க்கப் பயன்படும். மோ கடினத்தன்மை அளவையில் குருந்தத்தின் எண் 9. வைரம் மட்டுமே அதற்கு மேல். ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகளிலும் இக்கனிமத்துக்கு வழங்கும் பெயர் தமிழ், தெலுங்கு வட்டாரத்துக் குருந்தம், குருவிந்தம் ஆகிய சொற்களிலிருந்து சென்றது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவை விவரிக்கும்போது மாணிக்க வகைகளுள் ஒன்றாக விந்தத்தைச் சுட்டுகிறது. உரைமரபு அதைக் குருவிந்தம் எனக் கொள்கிறது.

தென்னிந்தியக் கல்வினைஞர்கள் குருந்தத்தைப் பொடித்து அரக்குடன் சேர்த்து வார்த்துச் சாணைச் சக்கரம் செய்தனர். மணிகளைப் பட்டை தீட்டவும் வாளுக்குக் கூர் ஏற்றவும் அதுவே கருவி. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லண்டனில் வெளியான ஜான் உட்வர்டின் கனிமப் பட்டியலில் இப்பெயர் இடம்பெற்றது. 1798இல் சார்லஸ் கிரெவில் ஆசியாவிலிருந்து கிடைத்த குருந்தக்கல் குறித்து இராயல் கழகத்தின் ஆய்விதழில் விரிவாக எழுதினார். நூறாண்டு கழித்து 1898இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை, பொருளாதாரக் கனிமங்கள் பற்றிய தன் நூல்வரிசையில் குருந்தத்துக்கெனவே டி. எச். ஹாலண்ட் எழுதிய தனித்தொகுதியை வெளியிட்டது. சேலம், கோயம்புத்தூர் வட்டாரங்களும் மைசூர் சமஸ்தானமும் அப்போது அறியப்பட்ட கிடைப்பிடங்கள்.

விந்தை என்னவெனில், அத்தொகுதி வெளியான பத்தாண்டிலேயே இயற்கைக் குருந்தத்தின் வணிக மதிப்பு சரியத் தொடங்கியிருந்தது. 1891இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் மின்னுலையில் சிலிக்கான் கார்பைடை உருவாக்கி, கார்பனையும் குருந்தத்தையும் இணைத்துக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். சிறிது காலத்திலேயே பாக்சைட்டை உருக்கிச் செயற்கைக் குருந்தமும் செய்யப்பட்டது. வயலிலும் குன்றிலும் பொறுக்கியெடுத்த கல்லுக்குத் தேவை குறைந்தது. பெயர் மட்டும் உலகெங்கும் பரவியது. 1954இல் சென்னையில் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டானிய நிறுவனங்களுடன் கூட்டாகக் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, தமிழகத்திலிருந்து புறப்பட்ட சொல் பன்னாட்டு வணிகப்பெயராகத் திரும்பி வந்தது. காரின் குழல்முனையில் மெருகுப் பசையைத் தேய்க்கும் இந்தியர் எவரும், தாம் அறியாமலேயே, சாணைக்காரரின் பழைய பொருளைத்தான் கையாள்கிறார்.

கிளீனர் என்னும் பதவி

தேய்பொருளுக்கு இவ்வளவு தெளிவான எழுத்துச் சான்று இருக்க, தேய்த்த மனிதருக்குச் சான்று மிகக் குறைவு. இந்தியச் சாலைகளில் அவருக்கு வழங்கிய பெயர் கிளீனர். இப்பெயரின் வேர்களுள் ஒன்று இரயில்வேயின் நீராவிக் கொட்டகைகளில் உள்ளது. அங்கே எஞ்சின் துடைப்பவர் என்பது பணிப்படிநிலையின் முதற்படி. பஞ்சுக் கழிவையும் எண்ணெயையும் கொண்டு எஞ்சினின் பித்தளை, எஃகு உறுப்புகளைத் துடைத்துக் கற்றவர் காலப்போக்கில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாகவும், பிறகு ஓட்டுநராகவும் உயரலாம். துடைத்தல் இயந்திரத்தை அறியும் வழியாகவும் இருந்தது. விரிசலையும் கசிவையும் முதலில் கண்டவர் அவரே. காலனிய இரயில்வேயில் மேற்படிகள் நெடுங்காலம் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆகவே இந்தியர் பலருக்கு முதற்படியே இறுதிப்படியாகவும் அமைந்தது.

லாரி, பேருந்துத் தொழிலில் இப்பெயர் ஏறத்தாழ அப்படியே தொடர்ந்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர் என்பதற்கான வரையறையில் ஓட்டுநர், நடத்துநர் ஆகியோருடன் கிளீனரையும் பெயர்சொல்லிச் சேர்த்தது. ஓர் அழுக்குத் துடைக்கும் வேலை சட்டநூலில் தனிப் பெயரோடு இடம்பெறுவது சிறிய செய்தியன்று. ஆனால் அச்சட்டம் பொருந்தியது போக்குவரத்து நிறுவனங்களுக்கே. தனியார் கார்களைத் துடைப்பவர்கள், விடியற்காலையில் குடியிருப்பு வளாகங்களில் வாளியும் துணியுமாக வண்டி வண்டியாகச் செல்பவர்கள், அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். அவர்கள் கையிலிருக்கும் துணிகூடப் பிறர் உழைப்பின் மிச்சம். திருப்பூரின் பின்னலாடை ஆலைகளில் வெட்டியெறியப்படும் பனியன் கழிவு, மூட்டை மூட்டையாக வாகனப் பட்டறைகளுக்குச் செல்கிறது.

துடைத்தவர் கையில் ஒட்டியது என்ன என்ற கேள்வியை இங்கே எழுப்பியாக வேண்டும். 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்க்லி கண்டறிந்த டெட்ரா எத்தில் ஈயம், எஞ்சினின் தட்டொலியைத் தவிர்ப்பதற்காகப் பெட்ரோலில் கலக்கப்பட்டது. ஈயம் எஞ்சினுக்குள் படிந்துவிடாமலிருக்கக் குளோரின், புரோமின் சேர்மங்களும் உடன் சேர்க்கப்பட்டன. அவற்றோடு சேர்ந்து ஈயம் ஈய உப்பாகிப் புகையோடு வெளியேறியது. ஒரு பகுதி குழலின் உட்சுவரில் சாம்பல் நிறப் பூச்சாகத் தங்கியது. முனையின் உட்புறம் வெளிர்சாம்பலாக இருந்தால் எரிபொருளும் காற்றும் சரியான அளவில் கலக்கின்றன என்று பழைய மெக்கானிக்குகள் கணித்தனர். அந்தச் சாம்பல் நிறத்தில் ஈயம் இருந்தது. இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் 1995 ஏப்ரலில் அறிமுகமாகி, 2000 பிப்ரவரியில் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் வெறுங்கையால் குழலைத் துடைத்த ஒவ்வொருவரும் ஈயத்தையே துடைத்தெடுத்தனர்.

புகையைப் படித்த அரசு

குழல்முனையின் கருமையை மெக்கானிக் படித்ததுபோலப் புகையின் கருமையை அரசும் படிக்க முயன்றது. இந்தியாவில் இம்முயற்சி மோட்டார் காருக்கு மிக முந்தியது. கல்கத்தா, ஹௌரா நகரங்களுக்கான புகைத்தொல்லைச் சட்டம் 1863இல் இயற்றப்பட்டது. 1905இல் வங்காளப் புகைத்தொல்லைச் சட்டமும் 1912இல் பம்பாய்ச் சட்டமும் வந்தன. சணல் ஆலைகளின் புகைபோக்கிகளை ஆய்வாளர்கள் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டனர். இத்தகைய மதிப்பீட்டுக்கென்றே பாரிசில் மாக்சிமிலியன் ரிங்கல்மான் 1888இல் ஓர் அட்டை வகுத்திருந்தார். வெண்மைக்கும் முழுக்கருமைக்கும் இடையே சாம்பல் நிறத்தைப் படிப்படியாக அதிகரித்துக் காட்டும் அந்த அட்டையைத் தொலைவில் வைத்து, புகையின் நிறத்தை அதனுடன் ஒப்பிட வேண்டும். கருமையே மாசு, கருமை நீங்கினால் தூய்மை. இந்த எளிய சமன்பாடு, பார்வையை மட்டுமே கருவியாகக் கொண்ட ஆட்சிமுறைக்கு வசதியாக இருந்தது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கண்ணின் இடத்தில் கருவியை வைத்தன. ஓடும் டீசல் வண்டிகளின் புகைச்செறிவுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு என்ற எல்லையும், பெட்ரோல் கார்களின் கார்பன் மோனாக்சைடுக்கு 3 விழுக்காடு என்ற எல்லையும் குறிக்கப்பட்டன. மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்காகச் சாலையோர நிலையத்தில் ஆய்வுக்குழாயைக் குழல்முனைக்குள் செருகும் காட்சி இந்திய நகரங்களின் அன்றாடமாயிற்று. எம். சி. மேத்தா 1985இல் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, டில்லியின் பேருந்துகள் அனைத்தும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டுமென 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2002இன் இறுதிக்குள் அம்மாற்றம் பெரும்பாலும் நிறைவேறியது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது.

மூன்றாம் அட்டவணை

இதுவரை கூறிய நான்கு இழைகளும் இணையும் ஆவணம் ஒன்று உண்டு. அது எந்த மோட்டார் சட்டமும் அல்ல. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். அதன் மூன்றாம் அட்டவணை, மருத்துவர் கண்டறிந்தால் அரசுக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்களைப் பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் டெட்ரா எத்தில் ஈய நஞ்சேற்றம் இருக்கிறது. குரோமியப் புண் இருக்கிறது. சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருக்கிறது. முதலாவது பெட்ரோலோடும், இரண்டாவது முலாமோடும், மூன்றாவது கல்லையும் உலோகத்தையும் தேய்த்து மெருகேற்றும் தொழில்களோடும் தொடர்புடையவை. காரின் குழல்முனை பளபளப்பதற்கு முன்பே, அப்பளபளப்பின் மூன்று நோய்களையும் சட்டம் பெயர்சொல்லி அறிந்திருந்தது.

குரோமிய முலாம் போடும் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம். அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் தோலில் ஆழ்ந்த புண்களையும், மூக்கின் நடுத்தண்டில் துளையையும், நீண்டகாலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றையும் விளைவிக்கும். சிறு பட்டறைகளில் கையுறையின்றித் தொட்டியில் பொருள்களை மூழ்கடித்து எடுத்தவர்களுக்கு இது பாடநூல் செய்தியாக இருந்ததில்லை. உடல் அறிந்த செய்தி. மெருகுச் சக்கரத்தின் தூசிக்கும் இதே வரலாறு உண்டு. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கற்களைத் தேய்த்து மெருகேற்றும் தொழிலாளர்களிடையே சிலிக்கோசிஸ் பரவியிருப்பதை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் ஆய்ந்து பதிவுசெய்திருக்கிறது. அங்கே வேலை வீட்டிலேயே நடப்பதால் தேய்ப்பவரோடு வீட்டாரும் அண்டை வீட்டாரும் தூசியைச் சுவாசித்தனர். வீட்டுத் தொழிலோ தொழிற்சாலைச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

உலோகத்தின் மூலத்துக்குச் சென்றால் சித்திரம் இன்னும் விரிகிறது. இந்தியாவின் குரோமைட் தாதுவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேற்பட்டது ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்துச் சுகிந்தா பள்ளத்தாக்கில் உள்ளது. எவர்சில்வருக்குத் தேவையான குரோமியம் பெருமளவு இங்கிருந்தே வருகிறது. திறந்தவெளிச் சுரங்கங்களின் கழிவு மேடுகளில் மழைநீர் ஊடுருவும்போது ஆறிணைதிறக் குரோமியம் கரைந்து ஓடைகள் வழியாகப் பிராமணி ஆற்றுப் படுகையைச் சேர்கிறது. 2007இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் சுகிந்தா இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் பட்டியலில் தமிழகத்தின் இராணிப்பேட்டை இருந்தது. அங்கே 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. அவ்வாலையின் விளைபொருள் பெரும்பாலும் தோல் பதனிடுதலுக்கே சென்றது. எனினும் தோலுக்கான உப்பும் முலாமுக்கான அமிலமும் சோடியம் டைகுரோமேட் என்னும் ஒரே தாய்ப்பொருளிலிருந்து கிளைத்தவை.

தூய முனையின் மாறிய பொருள்

2020 ஏப்ரலில் பாரத் நிலை ஆறு விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. டீசல் கார்களுக்குத் துகள்களின் எடையோடு எண்ணிக்கைக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கு 60,000 கோடித் துகள்கள் என்பது அவ்வரம்பு. இதை எட்டுவதற்குப் புகைவழியில் துகள் வடிகட்டி பொருத்த வேண்டியதாயிற்று. விளைவாக, சரியாக இயங்கும் டீசல் காரின் குழல்முனை இன்று உட்புறத்திலும் ஏறக்குறையக் கரியின்றி இருக்கிறது. உட்புறம் கரி படிந்திருந்தால் வடிகட்டி பழுதடைந்திருக்கலாம் அல்லது அகற்றப்பட்டிருக்கலாம் என்று மெக்கானிக் ஐயுறுகிறார்.

பழைய மெக்கானிக்கின் வாசிப்பு இங்கே புதிய வடிவில் உயிர்பெறுகிறது எனலாம். ஆனால் அவ்வாசிப்புக்கு எல்லை உண்டு. நைட்ரஜன் ஆக்சைடுகள் குழலில் கறை விடுவதில்லை. மிக நுண்ணிய துகள்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் மட்டும் விதிக்கு அடங்கி, சாலையில் மீறுமாறு மென்பொருள் அமைக்கப்பட்டிருந்த டீசல் கார்களைப் பற்றிய உண்மை 2015இல் அமெரிக்காவில் வெளிப்பட்டபோது, அவ்வண்டிகளின் குழல்முனைகள் கரியற்றுத் தூய்மையாகவே இருந்தன. கருமையே மாசு என்ற 19ஆம் நூற்றாண்டின் சமன்பாடு அன்றோடு செல்லாக்காசாயிற்று.

வடிவமைப்பும் இதை ஒப்புக்கொண்டதுபோல் நடக்கிறது. இன்றைய கார்கள் பலவற்றில் பின்புறம் மின்னும் குழல்முனைகள் வெறும் அலங்கார வார்ப்புகள். உண்மையான குழாய் அவற்றுக்குப் பின்னால் தரையை நோக்கி வளைந்து மறைந்திருக்கிறது. துலக்க வேண்டிய கரியே அந்தப் போலி முனைகளில் படிவதில்லை. மின்கார்களில் அதுவும் இல்லை. பித்தளையை நாள்தோறும் துலக்கிய காலத்தில் தொடங்கிய பயணம், துலக்கவே தேவையற்ற பளபளப்பில் வந்து நிற்கிறது.

இம்முடிவை முன்னேற்றம் என்று மட்டும் எழுதிவிடுவது எளிது. ஈயம் நீங்கியதும் டில்லியின் பேருந்துப் புகை குறைந்ததும் பொதுநல வழக்காலும் சட்டத்தாலும் அறிவியலாலும் பெற்ற மெய்யான வெற்றிகள். அவற்றைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் அவ்வெற்றிகள் யாவும் குழலிலிருந்து வெளியேறும் பொருளைப் பற்றியவை. குழல் உருவாவதற்கு முன்பு சுரங்கத்தில், முலாம் தொட்டியில், மெருகுச் சக்கரத்தருகில் வெளியேறியவற்றை அளக்க அதே வேகத்தில் விதிகள் வளரவில்லை. வாங்குபவர் நிற்கும் நகரத்தின் காற்று நீதிமன்றம் ஏறியது. சுகிந்தாவின் நீரும் கம்பாத்தின் தூசியும் அவ்வளவு விரைவில் அங்கே சென்று சேரவில்லை.

இந்தியத் தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் ஆலைகளையும் அணைகளையும் நிறுவனர்களையும் மையமாக வைத்து எழுதப்பட்டிருக்கிறது. பராமரிப்பின் வரலாறு, அதாவது செய்த பொருளைத் துடைத்தும் தேய்த்தும் பழுது நீக்கியும் நிலைநிறுத்திய உழைப்பின் வரலாறு, இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அதற்கான சான்றுகள் இல்லாமலில்லை. இரயில்வேப் பணிப்பதிவேடுகளில் எஞ்சின் துடைப்பவர் பெயர்களும், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிளீனர் என்ற ஒற்றைச் சொல்லும், தொழில்நோய் அறிவிப்புப் படிவங்களில் குரோமியப் புண் என்ற பதிவும் காத்திருக்கின்றன. அங்கிருந்து தொடங்கும் ஆய்வில், மின்னும் உலோகம் ஒவ்வொன்றும் அதைத் தேய்த்த கைகளின் ஆவணமாகவும் வாசிக்கப்படும்.